நெல் விலையில யார்ட குரல் எடுபடுது?

படுவான்கரையான்:
2025 பெரும்போக (மாரிகால) நெல்லுக்கு இலங்கை அரசாங்கம் தான் வாங்கிற விலையைச் சொன்னது பெப்ரவரி முதல் கிழமையில. நெல் இனப்படி கிலோவுக்கு நாடு 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 ரூபா. எங்கட வட்டையில (வயல்வெளியில) ஜனவரியிலேயே வெட்டு மெஷின் இறங்கிட்டு. உரக்கடனும் மெஷின் கூலியும் காத்திருக்காது. ஈர நெல்லை வரம்படியில நின்ற லொறிக்கு ஏற்றினவங்கதான் கனபேர். அரச களஞ்சியத்துக்கு ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேல போகக்கூடாது. றோட்டுல காயப்போட இடம் பிடிக்கவே சண்டை. இந்தப் பிந்தலால லாபம் ஆருக்கு? களஞ்சியம் வச்சிருக்கிற பெரிய ஆலைக்காரருக்கு. தங்கட நலனுக்காக அரசாங்கத்தை நெருக்கிற இப்படியான அழுத்தக் குழுக்களை ஜனநாயகத்தில விட்டுவைக்கலாமா?

அக்கரைப்பற்றான்:
தம்பி, குழுக்களை ஒழிக்கச் சொன்னா முதல்ல போறது நம்மட கமக்காரர் (விவசாயிகள்) அமைப்புத்தான். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டாங்க. பாராளுமன்றப் பெரும்பான்மை அரசாங்கத்திட்ட இருந்தது. இருந்தும் நவம்பரில தடையை எடுத்தாங்க. ஊர் ஊரா விவசாயிகள் வீதிக்கு இறங்காட்டி, தேயிலைக்காரர் நெருக்காட்டி அது நடந்திருக்குமா? தேர்தல் அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா. இடையில பேசச் சங்கம் வேணும். ஆலைக்காரருக்கும் அந்த உரிமை இருக்கு.

படுவான்கரையான்:
பேசட்டும் காக்கா (அண்ணன்), ஒளிச்சுப் பேசவேணாம். போகம் தொடங்க முதல் நடக்கிற எங்கட ஆரம்பக் கூட்டத்தில மாவட்ட அரசாங்க அதிபர், நீர்ப்பாசனப் பொறியியலாளர் எல்லாரும் இருக்க, வயல் வட்டைக்குப் பொறுப்பான வட்டைவிதானை எழும்பி இந்தத் திகதிக்குத் தண்ணி வேணும் என்பார். அது கூட்டறிக்கையில ஏறும். ஆலைக்காரர் அமைச்சரோட பேசினது எதில ஏறுது? அமெரிக்காவில 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூலிக்குப் பரிந்து பேசுறவங்க யாருக்காகப் பேசுறம், எவ்வளவு காசு என்று பதியணும். இங்கயும் அப்படி ஒரு பதிவேடு வேணும்.

அக்கரைப்பற்றான்:
பதிஞ்சும் அங்க காசின்ட செல்வாக்குக் குறையல்லையே. நம்மளிட்ட 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. 2023 தேர்தல் செலவுச் சட்டப்படி முடிவு வந்து 21 நாளுக்குள்ள வேட்பாளர் கணக்குக் காட்டணும். அதை எத்தனை பேர் கேட்டு வாங்கிப் பாத்தம்?

படுவான்கரையான்:
தகவல் சட்டம் கடதாசியில இருக்கிறதைத்தான் தரும். போனில பேசினதுக்கு எங்க கடதாசி?

ஏறாவூர் வாசகி:
ரெண்டு பேரும் அரிசி வாங்கிற ஆளை விட்டுட்டீங்க. 2024 டிசம்பரில நாட்டரிசிக்குக் கிலோவுக்கு 230 ரூபா உச்ச விலை போட்டாங்க. எங்கட தெருக் கடையில நாட்டரிசி இல்ல என்ற பதில்தான் கிடைச்சுது. கிலோவுக்குப் பத்து ரூபா கூடினா நாங்க முணுமுணுத்திட்டு வாங்கிடுவம், அதுக்காகச் சங்கம் சேரமாட்டம். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைக்காரருக்கு அதே பத்து ரூபா கோடிக்கணக்கு. அவங்க சேருறது லேசு. பதிவேடு வச்சாலும் இந்த வித்தியாசம் போகாது. கமக்காரர் அமைப்பையும் பாருங்க. நாத்து நடப் போற பெண்ணுக்கும் குத்தகைக்குச் செய்யிறவருக்கும் அங்க இருக்க ஒரு கதிரை இருக்கா?

அக்கரைப்பற்றான்:
தங்கச்சி கேட்டது நியாயம். குத்தகைக்காரன் விதைக்க, உர மானியம் காணிக்காரன் பேரில போறதை நானே கண்டிருக்கன். அவங்களையும் சேர்க்கத்தான் வேணும். ஆனா விதைக்கும்போதே விலையைச் சொல்லு என்று இப்பவே எல்லாரும் சேர்ந்து கேட்கலாம். வாங்கிற ஆளுக்கும் அது உதவும்.

படுவான்கரையான்:
அதில நானும் நிக்கிறன் காக்கா. பதிவேட்டை மட்டும் விடமாட்டன். எங்கட அடுத்த ஆரம்பக் கூட்டத்தில ரெண்டையும் அறிக்கையில ஏற்றச் சொல்லுவன். உங்கட அம்பாறை மாவட்டத்தில நீங்க கேட்பீங்களா?

அக்கரைப்பற்றான்:
விலையை நிச்சயம் கேட்பன். பதிவேட்டால பிரயோசனம் வரும் என்று எனக்கு இன்னும் நம்பிக்கை இல்ல.