முதல் சிட்டிகை எதுவோ, மூக்கு கடைசி வரைக்கும் அதையேதான் கேட்குமா?

செந்தூல்வாசு எழுதியது:

வணக்கம். மூக்குப்பொடி பற்றிக் கேட்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள்.

ஜாலான் ஈப்போ பக்கம் விளம்பரப் பலகை செய்யும் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் மியூனிக் போய் வந்த நண்பர் ஒருவர் இரண்டு ஜெர்மன் பொடி கொண்டுவந்து கொடுத்தார். ஒன்று கிளெட்ஷர்பிரைஸ், இன்னொன்று காவித் ஆப்ரிகாட். இரண்டும் பவேரியாவில் பொஷல் கம்பெனி செய்வது. பத்து கிராம் டப்பா, ஓரத்தில் சின்ன ஓட்டை, புறங்கையில் தட்டிக்கொண்டு இழுக்கலாம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. முதலாவதை இழுத்ததும் கோடாலித் தைலத்தை மூக்குக்குள் ஊற்றியது போல ஆகிவிட்டது. இரண்டாவது பிள்ளைகள் தின்னும் மிட்டாய். உலகமே புகழும் சரக்கு இதுதானா என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

நான் பழகியது பாட்டியின் பட்டணம் பொடி. பாட்டி காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கிள்ளானில் ஒரு பலசரக்குக் கடையில் வாங்குவார், டி.ஏ.எஸ். ரத்தினம் மார்க் பொடிதான் வேண்டும், வேறு எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று திரும்பி வந்துவிடுவார். தகர டப்பாவின் மூடியை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுவார், மூடியில் ஒட்டியிருக்கும் பொடி கீழே உதிரும், அப்புறம்தான் திறப்பார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு சிட்டிகை, பாதி இடது மூக்குக்கு, மிச்சம் வலதுக்கு. துடைத்துத் துடைத்து எந்தச் சேலை கட்டினாலும் முந்தானை நுனி மட்டும் கோப்பி நிறத்தில் இருக்கும். நான் ஷா ஆலம் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போன புதிதில், தூங்கி விழாமல் இருக்கட்டும் என்று அவரே ஒரு மடக்குக் காகிதத்தில் கொடுத்து அனுப்பினார். என் முதல் பொடி அதுதான். இன்றைக்கும் அதுதான்.

முதலில் போட்டதுதான் மூக்கில் தங்கிவிடுகிறது என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் தம்பி இடிக்கிறான். ஒரே வீடு, ஒரே பாட்டி, பாட்டியின் பொடியை அவனும் போட்டுப் பார்த்திருக்கிறான், முகத்தைச் சுளித்து விட்டுவிட்டான். ஜெர்மன் மெந்தால் டப்பாவை ஒரு தரம் இழுத்தவன் திருப்பித் தரவே இல்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பட்டர்வொர்த்மாமா எழுதியது:

தம்பி வாசு, உங்கள் தம்பியின் முதல் அனுபவம் பாட்டியின் பொடி என்று யார் சொன்னது? சளி பிடித்தால் நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு முதலில் தேய்ப்பது எது? கோடாலித் தைலம். நெஞ்சிலும் மூக்கின் கீழும் தேய்த்து, போர்த்திப் படுக்க வைப்பார்கள். சின்ன வயதில் அவருக்கு அடிக்கடி சளி பிடிக்குமா என்று கேட்டுப் பாருங்கள். பொடி கைக்கு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே மூக்கு ஒரு கணக்கு வைத்திருக்கும்.

என் கதையைச் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசியில் ஷெஃபீல்டில் படித்தேன். அந்த ஊரில் ஷாரோ ஆலை என்று ஒன்று, வில்சன் குடும்பத்தாருடையது, 1737இல் தொடங்கியது, ஆற்றுத் தண்ணீரில் சக்கரம் ஓட்டிப் பொடி அரைத்த இடம். கூடப் படித்தவனின் அப்பா நிலக்கரிச் சுரங்கத்துக்காரர். சுரங்கத்துக்குள் தீக்குச்சி கிழிக்க முடியாது, அதனால் அங்கே பொடி போடுகிறவர்கள் அதிகம். அவர் நீட்டியது எஸ்.பி. என்கிற வகை. பெர்கமாட் எண்ணெய் வாசம், அதாவது எர்ல் கிரே தேநீரில் வரும் அதே எலுமிச்சை மாதிரியான வாசம், கொஞ்சம் ஈரம், நடுத்தர அரைப்பு. எனக்கு அது அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போதும் ஜார்ஜ்டவுனில் ஏதாவது ஹோட்டலில் யாராவது அந்தத் தேநீரைக் கலக்கினால் என் கை சட்டைப்பையைத் தடவும்.

ஊர் திரும்பிய பிறகு பினாங்கு லெபோ பசாரில் பட்டணம் பொடி வாங்கி, அங்கே இழுத்தது போலவே இழுத்தேன். கண்ணில் தண்ணீர், தொண்டையில் கசப்பு, கடைக்காரர் ஸ்டூல் எடுத்துப் போட்டார். வெகுநாள் அதை முரட்டுப் பொடி என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொடி முரடு இல்லை, என் இழுப்பு முரடு. ஈரமான, கொரகொரப்பான பொடி மூக்கின் வாசலிலேயே நின்றுகொள்ளும், கொஞ்சம் பலமாக இழுத்தாலும் பரவாயில்லை. நம் ஊர்ப் பொடி காய்ந்தது, மாவு மாதிரி நைசு. அதற்கு ரோஜாப்பூவை முகர்கிற அளவு மூச்சு போதும். முதல் பொடி மூக்குக்கு வாசனையைச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கைக்கும் மூச்சுக்கும் ஓர் அளவைச் சொல்லிக்கொடுக்கிறது என்பேன். வாசனையைக்கூட மாற்றிக்கொள்ளலாம், அந்த அளவை மாற்றுவதுதான் பாடு.

இன்னொன்று. மதராஸ் பொடியில், அதாவது இந்தப் பட்டணம் பொடியில், நெய்யும் சுண்ணாம்பும் சேர்ப்பது பழைய வழக்கம். சுண்ணாம்பு சேர்ந்தால் பொடி காரத்தன்மை அடையும், நிக்கோடின் சட்டென்று விடுபட்டு சவ்வுக்குள் இறங்கும், அதனால்தான் அந்தச் சுருக். ஜெர்மன் மெந்தால் பொடியில் குளிர்ச்சி முந்திக்கொண்டு வருகிறது, சுருக் பின்னால் போய்விடுகிறது. நீங்கள் தேடுவது பாட்டியின் வாசனையை இல்லை, அந்தச் சுருக்கைத்தான் என்று எனக்குப் படுகிறது. சோதிக்க வேண்டுமா? குஜராத்தின் தோலாக்கியா வெள்ளைப் பொடி கிடைத்தால் பாருங்கள். சேர்த்த வாசனை எதுவும் கிடையாது, காரம் மட்டும் மண்டைக்கு ஏறும். அது பிடித்தால் நான் சொன்னது சரி. பிடிக்காவிட்டால் பாட்டிதான்.

கெட்டிமேளம் எழுதியது:

என் முதல் சிட்டிகை மாமா மகள் கல்யாணத்தில், கிள்ளான் மண்டபத்தில். பக்கத்தில் இருந்த பெரியவர் நீட்டினார், மரியாதைக்கு வாங்கிப் போட்டேன். சரியாகத் தாலி கட்டுகிற நேரத்தில் தொடர்ச்சியாகத் தும்மல். வீடியோவில் மேளத்தைவிட நான்தான் சத்தமாகக் கேட்கிறேன். அத்தை இன்னும் அபசகுனம் என்று சொல்லிக் காட்டுகிறார். பிடிக்குமா பிடிக்காதா என்ற கேள்விக்கே எனக்கு இடம் வரவில்லை.

ஆயர்ஈத்தாம்_அக்கா எழுதியது:

ஓய்வு பெற்ற தாதி நான். மாமா சொன்ன சுருக்கு விஷயம் சரிதான், ஒன்று சேர்க்கிறேன். வாசனையை மூளைக்குக் கொண்டுபோவது ஒரு நரம்பு. எரிச்சலையும் குளிர்ச்சியையும் சொல்வது வேறொரு நரம்பு, முகம் முழுக்கக் கிளை விடும் முக்கிளை நரம்பு. மெந்தால் தொடுவதும் சுண்ணாம்புப் பொடி தொடுவதும் அந்த இரண்டாவதைத்தான். வாசனை நரம்பு மட்டும் நினைவும் உணர்ச்சியும் இருக்கிற பகுதிக்கு நேரே போய்ச் சேரும், மற்றப் புலன்களைப் போலச் சுற்றிப் போவதில்லை. பாட்டி வாசம் பாட்டியோடு ஒட்டிக்கொள்வது இதனால்தான். ஆனால் வாசு தம்பியின் பாட்டி எதற்காக அவ்வளவு காரமான பொடியைத் தேர்ந்தெடுத்தார் என்று யாரும் கேட்கவில்லையே.

எங்கள் அம்மாயியும் பொடி போட்டவர். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துக் கரிந்து வீடே நாறினாலும், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், தெரியாது. நாங்கள் ஓடிவந்து சட்டியை இறக்குவோம். வருடக்கணக்காகப் பொடி போட்ட மூக்கு மந்தமாகிவிடும், மெல்லிய பொடி அதற்கு ஒன்றுமே இல்லை. ஆகவே பாட்டிகள் வாங்கியது மந்தமான மூக்குக்குத் தேவையான காரம். அதையே பேரன் இளமூக்கில் முதலில் போட்டால், அவனுடைய தொடக்க அளவே பாட்டியின் கடைசி அளவாகிவிடுகிறது. ருசி என்று நீங்கள் சொல்வதில் பாதி அதுதான்.

சும்மா வாசனை பேசிவிட்டுப் போக மனம் வரவில்லை. 1761இலேயே லண்டன் மருத்துவர் ஜான் ஹில் பொடி போடுகிறவர்களின் மூக்கில் வந்த கட்டிகளைப் பற்றி எழுதி எச்சரித்தார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வெளியிட்ட 89ஆம் தொகுதியில் புகையில்லாப் புகையிலையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. புகை இல்லை என்பதால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். நிக்கோடின் பழக்கம் எந்த வழியாக வந்தாலும் பழக்கம்தான். மூக்கில் ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து அடைப்பு, ரத்தம் என்றால் உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

பட்டர்வொர்த்மாமா எழுதியது:

அக்கா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. நானே இப்போது தீபாவளி, பொங்கல் என்று ஆகிவிட்டேன். ஆனால் பாட்டியின் மந்தமான மூக்குதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதை முழுதாக ஏற்க மாட்டேன். இங்கிலாந்தில் கெண்டல் ஊரில் 1792 முதல் பொடி செய்கிறார்கள், சாமுவேல் காவித் என்ற பெயர் பின்னால் வந்தது, அந்த ஊரின் கெண்டல் பிரவுன் வாசனை சேர்க்காத, ஈரமான, மண் மாதிரி கனமான பொடி. அங்கே அதையே முதலில் போட்டவன், இந்தியப் பொடியைவிடக் காரம் குறைந்ததாக இருந்தாலும், வேறு எதையும் ஏற்க மாட்டேன் என்பான். பார்த்திருக்கிறேன். காரம் ஏறிக்கொண்டே போவது ஒரு பக்கம், முதலில் பிடித்துக்கொண்டதை விடாதது இன்னொரு பக்கம். இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

செந்தூல்வாசு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தம்பியைக் கேட்டேன். சின்ன வயதில் அவனுக்கு இழுப்பு, அதுதான் ஆஸ்துமா. இரவெல்லாம் பாட்டி தைலம் தேய்த்து மடியில் போட்டுக்கொண்டிருப்பாராம், எனக்கு அது மறந்தே போய்விட்டது. மாமா சொன்னது சரிதான் போல. இழுப்பு இருந்தவன் பொடி போடலாமா என்று இனி அக்காதான் அவனிடம் பேச வேண்டும், நான் சொன்னால் கேட்க மாட்டான்.

தோலாக்கியா வெள்ளை ஒரு நண்பர் மூலமாகக் கிடைத்தது. நேற்று மாலை கடையை மூடியதும் போட்டேன். சுருக் இருக்கிறது, பாட்டியுடையதைவிட அதிகமாகவே. கண்ணில் தண்ணீர், மூளை பளிச். ஆனால் பிடித்ததா என்றால், பிடிக்கவில்லை. காரம் மட்டும் வந்து போகிறது, அதற்கு அப்புறம் ஒன்றும் இல்லை. பட்டணம் பொடியில் காரம் அடங்கின பிறகு வருமே, நெய்யில் புகையிலையை வறுத்த மாதிரி ஒரு வாசம், அது இல்லை. ஆக, பாதி சுருக்கு, பாதி வாசம். மாமாவின் பரிசோதனையில் நான் தேறினேனா தோற்றேனா?

பட்டர்வொர்த்மாமா எழுதியது:

தேறினீர்கள் தம்பி, நான்தான் பாதி தோற்றேன். மிச்ச வெள்ளைப் பொடியை என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். நம் ஊர் ஈரக் காற்றுக்கு அது கட்டி தட்டிவிடும், இறுக்கமான கண்ணாடி சீசாவில் போட்டு வையுங்கள். ஜெர்மன் டப்பா நேர்மாறு, ஏர்கோன் அறையில் காய்ந்துபோகும். அதைத் தம்பியிடமிருந்து திரும்பக் கேட்டு வாங்கிவிடுங்கள், இழுப்பு இருந்தவருக்கு அது வேண்டாம். அக்காவும் இதையேதான் சொல்வார்.

ஆயர்ஈத்தாம்_அக்கா எழுதியது:

சொல்கிறேன். வாங்கிவிடுங்கள், அப்படியே அவரைக் கிளினிக்குக்கு அனுப்பி மூச்சு அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.