மறுமொழி: சினைப்பைக் கட்டி அறுவை – 'ஓவேரியன் ரிசர்வ்' என்பதற்குத் தமிழில் என்ன?

குழும நண்பர்களுக்கு வணக்கம். சினைப்பைக் கட்டி அறுவைக்கு முன் பெண்களிடம் கொடுக்கும் விளக்கத் தாளுக்குத்தான் இந்தச் சொல் தேடல். 'ஓவேரியன் ரிசர்வ்' என்பது சினைப்பையில் மிச்சமிருக்கும் முட்டைகளின் அளவு.

> 'சூலகச் சேமிப்பு' என்று வைத்துவிடலாமே, இதற்கு ஏன் இத்தனை மடல்?

ஐயா, 'சேமிப்பு' எனக்கு ஒட்டவில்லை. சேமிப்பு என்றால் மேலும் போட்டு வளர்க்கலாம், எடுத்ததைத் திரும்பக் கட்டலாம். இங்கே அதற்கு இடமே இல்லை. பெண் குழந்தை பிறக்கும்போதே 10 முதல் 20 லட்சம் முட்டைகளோடு பிறக்கிறது, வயதுக்கு வரும்போது 3, 4 லட்சம்தான் மிச்சம், அப்புறம் குறைவதைத் தவிர வேறு வழியில்லை. டெல்டாக்காரர்களுக்குச் சொல்வதென்றால் இது விதைநெல், அதுவும் மறுபடி கோட்டை கட்ட முடியாத விதைநெல். அதற்காக 'விதையிருப்பு' என்று வைக்கவும் முடியாது. விதை என்றதும் ஆணின் விதைப்பைதான் நினைவுக்கு வரும். என் பரிந்துரை 'சினைமுட்டை இருப்பு'. ரேஷன் கடைப் பலகையில் 'இருப்பு' என்ற சொல்லைப் பார்க்காத பெண் எங்கள் பக்கம் யாரும் இல்லை.

யாழ்ப்பாணத்து நண்பர் 'சூலகம்' என்றே இருக்கட்டும் என்கிறார். அங்கே பாடநூலில் அதுதான், சரி. இங்கே பள்ளியில் 'அண்டகம்' என்று படிக்கிறார்கள், சூலகம் என்றால் பூவின் பாகம். இரண்டுமே வீட்டுக்கு வந்து சேராத சொற்கள். செய்தித்தாளிலும் மருத்துவமனைப் பலகையிலும் 'சினைப்பை' புழங்குகிறது, அதையே பிடித்துக்கொள்வோம்.

நான் கும்பகோணத்தில் ஆபரேஷன் தியேட்டரில் செவிலியர். வலங்கைமான், பாபநாசம், திருவிடைமருதூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாவற்றையும் 'கர்ப்பப்பையில கட்டி' என்பார்கள். இல்லையென்றால் 'நீர்க்கட்டி'. இந்த நீர்க்கட்டி பெரிய தொல்லை: பிசிஓஎஸ் என்கிற ஹார்மோன் கோளாறுக்கும் அதே பெயர், இரண்டு மூன்று மாதவிடாய்க்குள் தானாகக் கரைந்துபோகும் சாதாரணக் கட்டிக்கும் அதே பெயர், பல சமயம் கத்தி வைக்க வேண்டிவரும் சாக்லேட் சிஸ்ட்டுக்கும் (கர்ப்பப்பையின் உள்வரி போன்ற திசு சினைப்பையில் வளர்ந்து, பழைய ரத்தம் தேங்கும் கட்டி) அதே பெயர். அதனால் அறுவை பற்றி எழுதும்போது கட்டியின் வகையைச் சொல்லாமல் எழுதவே கூடாது.

டெர்மாய்டு கட்டிக்கு நல்ல உறை உண்டு, உள்ளே மயிரும் கொழுப்பும் இருக்கும், சில சமயம் பல்கூட. உறைக்கும் சினைப்பைக்கும் நடுவே பிரிகோடு தெரியும், பெரும்பாலும் பிரித்து எடுத்துவிடலாம். சாக்லேட் சிஸ்ட் அப்படி இல்லை. திறந்ததும் கெட்டியான பழைய ரத்தம் வடியும், கழுவிவிட்டு இரண்டு இடுக்கிகளால் சுவரை ஒரு பக்கமும் சினைப்பையை மறு பக்கமும் பிடித்து எதிரெதிராக இழுப்பார்கள். ஆரம்பத்தில் தோல் உரிவதுபோல் வரும். ரத்தக்குழாய்கள் நுழையும் அடிப்பக்கம் நெருங்க நெருங்க ஒட்டிக்கொண்டு வராது, இழுத்தால் ரத்தம் கசியும், உரிந்து வரும் பட்டையோடு முட்டை தாங்கிய நல்ல திசுவும் சேர்ந்தே வரும். காரணம், அந்தச் சுவரில் பெரும்பகுதி சினைப்பையே உள்மடிந்து உண்டானதுதான். கசிவை நிறுத்த மின்சூடு வைத்தால் மிச்சமிருக்கும் திசுவும் பாதிக்கப்படும். தையல் போட்டு நிறுத்தினால் ஏஎம்எச் (முட்டை இருப்பைக் கணிக்க ரத்தத்தில் அளக்கும் ஹார்மோன்) குறைவது மட்டுப்படுகிறது என்று ஒப்பீட்டு ஆய்வுகள் பலவும் காட்டுகின்றன.

எண்ணைச் சொல்லாமல் விட்டால் இந்த விவாதத்துக்கு அர்த்தமில்லை. 2012-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சாக்லேட் சிஸ்ட் அறுவைக்குப் பின் ஏஎம்எச் ஏறத்தாழ 38 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டு சினைப்பைகளிலும் கட்டியை உரித்த 126 பெண்களைப் பின்தொடர்ந்த இத்தாலிய ஆய்வில் மூவருக்குச் சினைப்பையே ஓய்ந்துபோனது. அதற்காக உரிப்பதே தப்பு என்று எழுதிவிடாதீர்கள். திறந்து வடித்து உள்சுவரைக் கருக்கிவிடுவதைவிட, உரித்து எடுத்தால் வலியும் கட்டியும் திரும்ப வருவது குறைவு. அதனால்தான் சில மருத்துவர்கள் பெரும்பகுதியை உரித்துவிட்டு, அடிப்பக்கத்தை மட்டும் லேசரால் ஆவியாக்கி விட்டுவிடுகிறார்கள். எந்த வழி என்பது அந்தப் பெண்ணின் வயது, குழந்தை வேண்டுமா, முன்பே ஒரு முறை அறுவை செய்தார்களா என்பதைப் பொறுத்தது. இதை அவளிடம் கேட்டுப் பேச வேண்டாமா? ஆங்கிலப் படிவத்தை நீட்டி 'இங்க கையெழுத்துப் போடும்மா' என்றால் அவள் எதைக் கேட்பாள்?

இனி மற்ற சொற்கள். 'ஸ்ட்ரிப்பிங்' என்பதற்கு 'உரித்தெடுத்தல்'. 'கட்டி நீக்கம்' என்று சிலர் எழுதியிருந்தீர்கள், அது எப்படி நீக்கினார்கள் என்பதை மறைத்துவிடுகிறது. சினைப்பையையே எடுத்துவிடுவார்களோ என்ற பயமும் வந்துவிடும்.

> சூடு வைத்தல் என்றால் எல்லோருக்கும் புரியுமே.

திருவாரூர் அக்கா, புரியும்தான், ஆனால் பிள்ளைக்குச் சூடு வைத்தாள் என்கிற தண்டனைப் பேச்சு அதில் இருக்கிறது. ரத்தம் நிறுத்த வைப்பதற்கு 'மின்சூடு', கட்டியின் உள்சுவரை அழிப்பதற்குத் 'தீய்த்தல்' என்று இரண்டாகப் பிரிக்கலாம் என்று நினைக்கிறேன். தியேட்டரில் இரண்டையுமே 'காட்டரி' என்றுதான் சொல்கிறோம், அந்தக் குழப்பம் தாளிலும் ஏற வேண்டாம்.

விளக்கத் தாளில் நான் எழுதியிருக்கும் வரி இது: 'கட்டியை உரித்தெடுக்கும்போது சினைமுட்டை இருப்பு குறையலாம். அறுவைக்கு முன் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது பற்றியும், ரத்தக்கசிவைத் தையலால் நிறுத்த முடியுமா என்பது பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.'

'தீய்த்தல்' யாருக்காவது உறுத்தினால் வெள்ளிக்குள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள், சனிக்கிழமை தாள் அச்சுக்குப் போகிறது.