கணக்கு சுமார்தான், வளர்ச்சிப் பொருளாதாரம் படிக்கப் போகலாமா?

திருச்சுழிக்காரி: மதுரையில் பி.ஏ. பொருளாதாரம் முடித்து இரண்டு வருடமாகச் சர்வே எடுக்கிறேன். கையில் டேப்லெட், வெயிலில் வீடு வீடாக. எந்த மாதம் வேலை இல்லை என்று கேட்டால், "பங்குனி, சித்திரையில ஏது வேலை?" என்பார்கள். டேப்லெட்டில் ஜனவரி, பிப்ரவரி என்று ஆங்கில மாதங்கள்தான் உண்டு. நான் மார்ச், ஏப்ரலைத் தொடுவேன். கூட வந்த பெண் ஏப்ரல், மே. மேற்பார்வையாளர் ஏதோ ஒன்றைப் போடச் சொல்லிவிட்டார்! வெளிநாட்டில் முதுகலை படிக்க ஆசை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஓராண்டில் முடிகிறதாம், ஆனால் கட்டணம் நமக்கு எட்டாது. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் எப்படி? கல்லூரியில் கணக்கு என்று பெயருக்கு ஒரு பேப்பர்தான் இருந்தது.

லைனவாசி: ஜெர்மனியில் இருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன். கோட்டிங்கனில் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ கட்டினால் போதும். ஆனால் விசாவுக்கு முடக்கக் கணக்கில், அதாவது ஓராண்டுச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுப் பூட்டி வைக்கும் வங்கிக் கணக்கில், 11,904 யூரோ காட்ட வேண்டும். பணம் எங்கும் போகாது, மாதம் 992 யூரோவாக உங்களுக்கே வந்துவிடும். முதலில் ஏபிஎஸ் சான்றிதழுக்கு, அதாவது உங்கள் பட்டம் உண்மையானது என்று சரிபார்த்து விசாவுக்காகத் தரும் சான்றுக்கு, விண்ணப்பியுங்கள்; அதில்தான் பலருக்கு மாதக்கணக்கில் இழுக்கிறது. அப்புறம் கணக்குப் பாடம். பட்டத்தின் பெயரை விட, கணிதம், புள்ளியியல், எக்கனாமெட்ரிக்ஸில் (பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் அலசும் பாடம்) எத்தனை கிரெடிட் என்றுதான் இங்கே எண்ணுவார்கள். ஒரு பேப்பரை வைத்து விண்ணப்பித்தால் அந்த இடத்திலேயே கழித்துவிடுவார்கள்.

பழைய வாத்தியார்: அதற்கு வழி இருக்கிறது, அம்மா. பொருளாதாரப் பேராசிரியர்கள் எஸ்தர் டஃப்லோவும் சாரா எலிசனும் நடத்தும், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் 14.310எக்ஸ் என்ற தரவுப் பகுப்பாய்வுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் பணம், அதுவும் வருமானத்தைப் பார்த்துத்தான். நிகழ்தகவில் தொடங்கி, ஒன்று மாறினால் மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடும் ரிக்ரெஷன் வரை போகும். அதற்கு முன் கால்குலஸைத் தூசி தட்டுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது வாரமே மூச்சு வாங்கும்.

இன்னொன்று. அந்தப் பங்குனி, சித்திரைக் கதையைச் சும்மா சொல்லிவிட்டுப் போகிறீர்கள்! பங்குனி மார்ச் நடுவில் பிறக்கிறது, சித்திரை மே நடுவில் முடிகிறது. ஒரே பதில், இரண்டு பேர் கையில் இரண்டு தரவு. அளவீட்டுப் பிழை என்று வகுப்பில் படிப்பது இதைத்தான். "சிறு வயது முதலே வறுமையை ஒழிக்க ஆசை" என்று விண்ணப்பக் கடிதத்தைத் தொடங்காதீர்கள், ஆயிரம் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். இதை எழுதுங்கள்.

திருச்சுழிக்காரி: ஐயா, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். வேலைக்கு ஆகாது என்று பரணில் போட்டேன். சரி, இன்று இறக்குகிறேன்.