சப் கோர்ட்லயும் நமக்குத்தான் ஜெயம், எதிராளி மதுரைக்கு போறாராம். பயப்படணுமா?

விளைக்காரன்:
எங்க விளைக்கு (தோட்டத்துக்கு) போற நடவழிய பக்கத்து விளைக்காரரு மதிலு கெட்டி அடைக்கப் பாத்தாரு. அப்பா இரணியல் முன்சிப் கோர்ட்ல கேஸ் போட்டு அடைக்கக்கூடாதுன்னு தடை உத்தரவு டிக்ரி (தீர்ப்பாணை) வாங்கினாவ. அவரு பத்மநாபபுரம் சப் கோர்ட்ல அப்பீல் போனாரு, அங்கயும் தள்ளுபடி. இப்போ மதுரை ஹைகோர்ட் கிளைல செகண்ட் அப்பீல் (ரெண்டாவது அப்பீல்) போடுவேன்னு சாயக்கடைல சொல்லிட்டு திரியுதாரு. முன்சிப் தீர்ப்பு நல்ல தடி, சப் கோர்ட் தீர்ப்பு ரொம்ப ஒல்லி, அதனால நிக்காதுன்னு அவரு வக்கீல் சொன்னாராம். அப்பாவ மறுபடி கூண்டுல ஏத்துவாங்களா? முட்டு வலி வேற.

குமாஸ்தா_தக்கலை:
கூண்டெல்லாம் இல்ல தம்பி. அப்பீல்ல கீழ்க்கோர்ட் ரெக்கார்டதான் படிப்பாங்க. சாட்சி பேசும்போது முகத்த நேர்ல பாத்தது முன்சிப்தான், அதனால யாரு சொன்னது நம்புற மாதிரி இருந்துன்னு அவரு எழுதினத மேல்கோர்ட் லேசுல மாத்தாது. புது ஆதாரம் கொண்டு வரணும்னா ஆர்டர் 41 ரூல் 27-ல மனு போட்டு, ஏன் முந்தியே காட்டலன்னு காரணம் சொல்லணும், அது அவ்வளவு ஈஸி இல்ல.

ஒல்லி தீர்ப்பு விஷயம்: 2001-ல சந்தோஷ் ஹசாரி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டு, கீழ்க்கோர்ட் தீர்ப்ப கவுக்கணும்னா அந்த காரணத்த ஒவ்வொண்ணா எடுத்து பதில் எழுதணும், ஆனா உறுதி செய்யும்போது அந்த காரணங்கள ஏத்துக்கிடறேன்னு சொன்னாலே பொதுவா போதும். ஆனா மூளைய செலுத்தாம தப்பிக்க அத சாக்கா வைக்கக்கூடாதுன்னும் அதுலயே இருக்கு. கோர்ட் அனுப்பின கமிஷனர் இடத்தப் பாத்து கொடுத்த பிளான்ல வழி எங்க தொடங்கி எங்க முடியுதுன்னு பாத்து, அதப் பத்தி சப் ஜட்ஜ் ரெண்டு பாரா எழுதியிருந்தா கவல வேண்டாம், பக்கம் எண்ணிட்டு இருக்காண்டாம்.

செகண்ட் அப்பீல் சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 100. 1976 திருத்தத்துக்கு அப்புறம் முக்கியமான சட்டக்கேள்வி ஒண்ணு இருந்தாதான் உள்ள எடுப்பாங்க. வழி இருந்துச்சா இல்லயாங்கிறது சங்கதி, சட்டக்கேள்வி இல்ல, அத ரெண்டு கோர்ட்டும் ஒண்ணா சொல்லியாச்சு. உள்ள எடுக்கலாமான்னு பாக்குற அட்மிஷன் கட்டத்துலயே நிறைய தள்ளிருவாங்க.

மார்த்தாண்டம்_அக்கா:
அண்ணாச்சி சொல்லுதது சரி, ஆனா ரொம்ப தைரியமா இருக்காதீங்க தம்பி. ஒரு ஆவணத்த தப்பா வாசிச்சு முடிவு எடுத்திருந்தாலோ, ஆதாரமே இல்லாம எழுதியிருந்தாலோ ரெண்டு கோர்ட் சொன்னதையும் ஹைகோர்ட் தட்டும். பழைய பத்திரத்துல வழியோட அகலம் என்னன்னும், 20 வருஷத்துக்கு மேல தடையில்லாம போனதுக்கு யாரு சாட்சி சொன்னான்னும் ஒரு தடவ எடுத்துப் பாருங்க. வழி உரிமைய அந்த 20 வருஷத்த வச்சு கேட்டிருந்தா அங்கதான் பிடிப்பாங்க.

விளைக்காரன்:
ரெண்டு பேருக்கும் நன்றி. அதுக்குள்ள மதிலு கெட்டிட்டா?

குமாஸ்தா_தக்கலை:
அப்பீல் போட்டதாலயே டிக்ரி நின்னு போகாது, ஸ்டே (டிக்ரிய நிறுத்தி வைக்கிற உத்தரவு) தனியா வாங்கணும். கெட்டினா உடனே போட்டோ எடுத்து முன்சிப் கோர்ட்ல இ.பி. (டிக்ரிய நிறைவேத்தச் சொல்லி மனு) போடலாம். செகண்ட் அப்பீலுக்கு 90 நாள், தீர்ப்பு நகல் வாங்க ஆன நாள கழிச்சுதான் கணக்கு, தாமதமானா அதுக்கும் மனு போட்டு வருவாரு. அதனால இப்பவே மதுரைல ஒரு கேவியட் (எங்கள கேக்காம உத்தரவு போடாதீங்கன்னு மனு) போட்டு வச்சிருங்க, நமக்கு தெரியாம ஸ்டே வாங்க முடியாது. அதுவும் 90 நாள்தான், முடிஞ்சா புதுசா போடணும். எதிராளிக்கு ரிஜிஸ்டர் தபால்ல கேவியட் நோட்டீஸ் அனுப்பின ரசீது கைல இருக்கட்டும்.