எக்ஸ்டெர்மில் ஜப்பானிய எழுத்து: ஒரு சன்னலில் வருகிறது, இன்னொன்றில் வருவதில்லை

ஆரம்பாக்கம்_நைட்ஷிஃப்ட் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் ஆரம்பாக்கம். எல்லை தாண்டி ஸ்ரீசிட்டியில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. சோதனை மேடைகளில் இருந்து வரும் அளவுகளை லினக்ஸ் சர்வரில் சேர்த்துவைப்பது என் பொறுப்பு. ஷிஃப்ட் முடியும்போது அடுத்து வருபவருக்கு ஒரு குறிப்பு எழுதிவைக்க வேண்டும். ஜப்பான்காரர்கள் அதை 'ஹிகித்ஸுகி' என்பார்கள். இத்தனை நாள் அதை ஆங்கில எழுத்தில்தான் தட்டிவந்தேன்.

போன மாதம் ஒரு குறிப்பின் கடைசியில் வழக்கப்படி 'இஜோ' என்று போட்டேன். அறிக்கையை முடிக்கும்போது 'அவ்வளவுதான்' என்ற பொருளில் அவர்களே போடுகிற சொல். ஆனால் 'கோளாறு' என்பதற்கும் அதே உச்சரிப்பு. கான்ஜியில், அதாவது சீனத்திலிருந்து வந்த ஜப்பானிய எழுத்தில், எழுதினால் இரண்டும் வேறு வேறு, ஆங்கில எழுத்தில் ஒன்றேதான். காலையில் வந்த எஞ்சினியர் என் குறிப்பின் கடைசி வரியில் இருந்த 3-ஆம் மேடையை நிறுத்தி, இரண்டு மணி நேரம் கோளாறைத் தேடியிருக்கிறார். அவர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இனிமேல் ஒழுங்காகக் கான்ஜியில்தான் எழுதுவது என்று முடிவெடுத்தேன். ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலை தேறிவிட்டேன், டிசம்பரில் சென்னையில் அடுத்த நிலையான என்3 எழுதுகிறேன். எழுத்து எனக்குப் பிரச்சினை இல்லை. டெர்மினல்தான் பிரச்சினை.

என் மடிக்கணினியில் டெபியன் 12 லினக்ஸ், உள்நுழைய லைட்டிஎம், ஜப்பானியம் தட்ட எஃப்சிட்டிக்ஸ்5, கான்ஜியாக மாற்ற மோஸ்க். பிரவுசரில் கன்ட்ரோல்-ஸ்பேஸ் தட்டினால் ஹிராகானா எழுத்து அழகாக வருகிறது. எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் சன்னலில் சில நேரம் வருகிறது, சில நேரம் வெறும் ஆங்கில எழுத்துதான் விழுகிறது. பேஷ் ஷெல் தொடங்கும்போது படிக்கிற பேஷ்ஆர்சி கோப்பில், எந்த உள்ளீட்டு நிரலைப் பயன்படுத்துவது என்று சொல்லும் எக்ஸ்மாடிஃபையர்ஸ் மாறியை எழுதிவைத்திருக்கிறேன். வேலை செய்யாத சன்னலிலேயே எக்கோ போட்டுப் பார்த்தேன், மதிப்பு சரியாகத்தான் வருகிறது. மூன்று ராத்திரி இதிலேயே போய்விட்டது. யாராவது வழி சொல்லுங்கள்.

சித்தூர்_தமிழச்சி எழுதியது:

தம்பி, முதலில் ஃபான்ட் இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டோ சான்ஸ் சிஜேகே போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். லொகேல் (மொழி அமைப்பு) கட்டளை என்ன காட்டுகிறது என்பதையும் இங்கே போடுங்கள்.

ஆரம்பாக்கம்_நைட்ஷிஃப்ட் எழுதியது:

அக்கா, ஃபான்ட் இருக்கிறது. மற்றவர்கள் எழுதிய ஜப்பானிய வரிகள் அதே சன்னலில் நன்றாகத் தெரிகின்றன. என்னால் தட்டத்தான் முடியவில்லை. லொகேலில் லாங் மாறி தமிழ்-இந்தியா. எல்சி-ஆல் காலி.

சித்தூர்_தமிழச்சி எழுதியது:

அப்படியானால் ஃபான்ட் பற்றிச் சொன்னதை விட்டுவிடுங்கள். தெரிவது வேறு, தட்டுவது வேறு. அவசரப்பட்டுவிட்டேன்.

லினக்ஸில் தமிழ் லொகேலின் பெயருக்குப் பின்னால் யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியாக்கம்) என்ற வால் கிடையாது, ஆனால் உள்ளே அதுதான். நான் செய்வது இது: லாங் தமிழாகவே இருக்கட்டும், எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லும் எல்சி-சிடைப் மாறி ஒன்றை மட்டும் ஜப்பானிய யுடிஎஃப்-8 ஆக்கிவிடுவேன். மெனுவும் பிழைச் செய்திகளும் தமிழிலேயே இருக்கும். அதற்கு முன் அந்த லொகேலைக் கணினியில் உருவாக்கியிருக்க வேண்டும். இல்லாத லொகேலைக் கேட்டால் நிரல் எந்தச் சத்தமும் போடாமல் சி லொகேலுக்குப் போய்விடலாம், அங்கே ஆஸ்கி என்ற ஆங்கில எழுத்துத் தொகுதிக்கு மேல் எதுவும் நடக்காது. எல்சி-ஆல் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதை வைத்தால் மற்ற எல்லாவற்றையும் அது மிதித்துவிடும்.

ஊத்துக்கோட்டை_பெரியவர் எழுதியது:

தம்பி, ஒரு கேள்வி. ஜப்பானியம் வருகிற சன்னலை எங்கிருந்து திறந்தீர்கள்? மெனுவிலிருந்தா, ஏற்கெனவே திறந்திருந்த டெர்மினலுக்குள் எக்ஸ்டெர்ம் என்று தட்டியா?

ஆரம்பாக்கம்_நைட்ஷிஃப்ட் எழுதியது:

ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன். மெனுவில் திறந்தால் ஒருபோதும் வருவதில்லை. அந்தச் சன்னலுக்குள்ளிருந்து இன்னொன்று திறந்தால் எப்போதும் வருகிறது! இப்போது ஆறு முறை செய்து பார்த்துவிட்டேன்.

ஊத்துக்கோட்டை_பெரியவர் எழுதியது:

அப்போது விஷயம் முடிந்தது. பொறுமையாகக் கேளுங்கள், இது ஒரு முறை புரிந்துவிட்டால் ஆயுளுக்கும் உதவும்.

மெனுவைச் சொடுக்கினால் முதலில் பிறப்பது எக்ஸ்டெர்ம். அது பிறந்த பிறகுதான் தன் பிள்ளையாக பேஷைப் பெறுகிறது. பேஷ்ஆர்சியைப் படிப்பது அந்தப் பிள்ளை. அதில் எழுதிய மாறி பிள்ளைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போகும், பெற்றவருக்கு ஒருநாளும் திரும்பிப் போகாது. ஆனால் விசையை வாங்கி எஃப்சிட்டிக்ஸிடம் கொடுக்க வேண்டியது எக்ஸ்டெர்ம். அதன் கையில் அந்த மாறியே இல்லை. நீங்கள் எக்கோ போட்டபோது பதில் சொன்னது பேஷ். கேட்க வேண்டியவரை விட்டுவிட்டு அவர் பிள்ளையைக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது சன்னல் வேலை செய்வதும் இதனால்தான், அது பேஷின் வயிற்றில் பிறந்தது.

கண்ணால் பார்க்க வேண்டுமானால், வேலை செய்யாத எக்ஸ்டெர்மின் செயல் எண்ணைக் கண்டுபிடியுங்கள். பேஷின் எண் அல்ல, எக்ஸ்டெர்மின் எண். ப்ராக் அடைவில் அந்த எண்ணுக்குள் என்விரான் என்று ஒரு கோப்பு இருக்கும். எக்ஸ்டெர்ம் பிறக்கும்போது அதன் கையில் இருந்த மாறிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. வரி பிரியாமல் ஒட்டிக்கொண்டு வரும், டிஆர் கட்டளையால் சுழி எழுத்தைப் புதுவரியாக மாற்றிப் படியுங்கள். எக்ஸ்மாடிஃபையர்ஸ் அதில் இருக்காது.

பிரவுசர் ஜிடிகே என்ற நிரலகம் வழியாக எஃப்சிட்டிக்ஸோடு பேசுகிறது, அது தனிக் கதவு. எக்ஸ்டெர்முக்கு எக்ஸ்ஐஎம் என்ற பழைய கதவு மட்டும்தான் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் ஒரு ஜப்பானிய வேலைக்காக கேடெர்ம் டெர்மினல், கின்புட்2 உள்ளீட்டு நிரல், கன்னா கான்ஜி மாற்றி என்று மூன்றையும் கட்டி ஓட்டியபோதும் இதே கதவில்தான் முட்டிக்கொண்டேன். அன்றைக்குக் குறியாக்க முறை ஈயுசி-ஜேபி. கதவு மாறவே இல்லை.

சரி, வைத்தியம். பேஷ்ஆர்சியில் எழுதிய வரியை அங்கிருந்து எடுத்துவிட்டு, வீட்டு அடைவில் புள்ளி வைத்து எக்ஸ்செஷன்ஆர்சி என்ற கோப்பில் போடுங்கள். எல்சி-சிடைப் வரியும் அங்கேயே இருக்கட்டும். டெபியனில் எக்ஸ் அமர்வு தொடங்கும்போதே அது படிக்கப்படும், மெனுவில் திறப்பதெல்லாம் அதற்குப் பிறகு பிறப்பவை. கையால் எழுத வேண்டாம் என்றால் ஐஎம்-கான்ஃபிக் என்ற அமைப்பு நிரலை ஓட்டி எஃப்சிட்டிக்ஸ்5-ஐத் தேர்ந்தெடுத்தாலும் மாறி போய்ச் சேரும். எதுவானாலும் வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். சன்னலை மூடித் திறந்தால் மட்டும் போதாது.

ஆரம்பாக்கம்_நைட்ஷிஃப்ட் எழுதியது:

ஐயா, வந்துவிட்டது! என்விரான் கோப்பை முதலில் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே அந்த மாறி இல்லை. எக்ஸ்செஷன்ஆர்சியில் போட்டு வெளியேறி வந்தேன். மெனுவில் திறந்த முதல் சன்னலிலேயே கன்ட்ரோல்-ஸ்பேஸ் தட்டினதும் கர்சருக்குக் கீழே தேர்வுப் பட்டியல் விரிந்தது. தமிழச்சி அக்கா சொன்ன எல்சி-சிடைப் வரியும் போட்டிருக்கிறேன், மெனு தமிழிலேயே இருக்கிறது.

இப்போது இன்னொன்று. சோதனை மேடை தருகிற முடிவுக் கோப்புகள் ஷிஃப்ட்-ஜிஸ் என்ற ஜப்பானியக் குறியாக்கத்தில் இருக்கின்றன. அவற்றை வரிவரியாகப் படிக்க நானே எழுதிய ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கிறது. தலைப்பில் 'செய்னோஹ்யோ', அதாவது செயல்திறன் அட்டவணை, என்ற மூன்று கான்ஜி சொல் வந்தால் மட்டும் சிதைகிறது. மற்ற தலைப்புகள் நன்றாக இருக்கின்றன. இது உள்ளிடும் பிரச்சினை இல்லை என்று தெரிகிறது, ஆனாலும் கேட்கிறேன்.

சித்தூர்_தமிழச்சி எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், இதில் நானே அடிபட்டிருக்கிறேன். அந்தச் சொல்லின் இரண்டாவது, மூன்றாவது கான்ஜியைப் பாருங்கள். ஷிஃப்ட்-ஜிஸில் ஒரு கான்ஜிக்கு 2 பைட். இந்த இரண்டு எழுத்துக்கும் இரண்டாம் பைட் 92. ஆஸ்கியில் 92 என்றால் பின்சாய்வுக் கோடு. உங்கள் ஸ்கிரிப்டில் ரீட் கட்டளையை 'ஆர்' விருப்பம் இல்லாமல் எழுதியிருப்பீர்கள். அது பின்சாய்வைக் கண்டால் விழுங்கிவிடும், எழுத்து பாதியாகிவிடும். காடகானாவில் 'ஸோ' எழுத்துக்கும் இதே கதிதான்.

யுடிஎஃப்-8-ல் இந்தத் தொல்லை வராது. நம் 'க' மாதிரியே இந்தக் கான்ஜிகளுக்கும் 3 பைட், அதில் ஒரு பைட்டும் 128-க்குக் கீழே போகாது. அதனால் படிப்பதற்கு முன் ஐகான்வ் என்ற மாற்றும் கட்டளையை வைத்து சிபி932-லிருந்து (ஷிஃப்ட்-ஜிஸின் விண்டோஸ் வடிவம்) யுடிஎஃப்-8-க்கு மாற்றிவிடுங்கள், ரீடுக்கு 'ஆர்' விருப்பமும் கொடுங்கள். ஆனால் மூலக் கோப்பின் மேல் கை வைக்காதீர்கள் தம்பி, மேடை அதைத் திரும்பப் படிக்கும் என்றால் அதற்கு ஷிஃப்ட்-ஜிஸ்தான் வேண்டும். விம் எடிட்டரில் திறப்பதானாலும் சிபி932 என்று குறியாக்கத்தைச் சொல்லித் திறங்கள், சேமிக்கும்போது அதே குறியாக்கத்திலேயே சேமிக்கும்.

ஆரம்பாக்கம்_நைட்ஷிஃப்ட் எழுதியது:

அக்கா, ரீட் வரியில் 'ஆர்' இல்லைதான். சேர்த்துவிட்டேன், மாற்றுவதையும் தனி அடைவில் நகலெடுத்துச் செய்கிறேன். போன வாரத்துக் கோப்புகளை மறுபடி ஓட்டினேன், மூன்று கான்ஜியும் முழுசாக நிற்கின்றன.

நேற்று ராத்திரிக் குறிப்பை சர்வரில் கான்ஜியிலேயே எழுதினேன். கடைசி வரியில் 'இஜோ' தட்டி ஸ்பேஸ் அழுத்தியபோது பட்டியலில் கோளாறுதான் முதலில் நின்றது. இன்னொரு முறை ஸ்பேஸ் அழுத்தி 'அவ்வளவுதான்' என்பதை எடுத்து, சரிதானா என்று இரண்டு தரம் படித்துப் பார்த்து எண்டர் தட்டினேன். காலையில் தடாவில் ரயிலுக்கு நிற்கும்போது எஞ்சினியரிடமிருந்து பதில் வந்தது: படித்துவிட்டேன், 3-ஆம் மேடை ஓடிக்கொண்டிருக்கிறது.