பயோடீசல் கிளிசரினை வைத்து என்ன செய்யலாம்?

கேள்வி (நாமக்கல் யூனிட்):
ஓட்டல், பலகாரக் கடைகளில் பொரித்து மீந்த எண்ணெயை வாங்கி பயோடீசல் தயாரிக்கிறோம். அடியில் தங்கும் கரும்பழுப்புக் கிளிசரின் பேரல் பேரலாகச் சேர்கிறது. வாங்க வருபவர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். இதிலிருந்து கூலண்ட், அழகுசாதனப் பொருட்களில் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைக்கால் என்ற திரவத்தை எடுக்கலாமாமே, சின்ன யூனிட்டில் முடியுமா?

பதில் (பிளாண்ட் ஆள்):
தம்பி, அந்தச் செலவில் இறங்க வேண்டாம். மிசூரி பல்கலைக்கழகத்தின் கேலன் சப்பஸ், செம்பு குரோமைட் வினையூக்கியால் 220 டிகிரியில், 10 பாருக்கும் குறைந்த அழுத்தத்தில் செய்து காட்டினார். 2006-இல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருதும் பெற்றார். அருமையான வேலை. ஆனால் அதற்கு ஹைட்ரஜன் வேண்டும், சுத்தமான கிளிசரினும் வேண்டும். உங்கள் பேரலில் மெத்தனால், சோப்பு, உப்பு, தண்ணீர் எல்லாம் கலந்து கிடக்கிறது.

முதலில் மெத்தனாலை மீட்டுக்கொள்ளுங்கள். 65 டிகிரியிலேயே கொதிக்கும். மூடிய கலம், ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டன்சர், நீராவிச் சூடு. பக்கத்தில் நெருப்பே கூடாது. அப்புறம் அமிலம் விட்டால் சோப்பு உடைந்து கொழுப்பு அமிலம் மேலே மிதக்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள், அமில வினையூக்கியில் மெத்தனாலோடு சேர்த்தால் மறுபடி பயோடீசல்தான். பயோடீசலுக்கு வினையூக்கியாக நீங்கள் போடுவது காஸ்டிக் சோடாவா, காஸ்டிக் பொட்டாஷா?

நாமக்கல் யூனிட்:
சோடாதான் அண்ணா. விலை குறைவு.

பதில் (சாண எரிவாயு வைத்திருப்பவர்):
எங்கள் கலத்தில் சாணத்தோடு கொஞ்சம் கலந்தால் கேஸ் நன்றாக ஏறுகிறது. அளவு மீறினால் புளித்து, கேஸே நின்றுவிடும். மெத்தனால் எடுக்காத சரக்கை மாட்டுக்கு மட்டும் வைத்துவிடாதீர்கள், அது விஷம்.

பதில் (பிளாண்ட் ஆள்):
காஸ்டிக் பொட்டாஷ் என்றால் சோடாவைப் போல் எடையில் 1.4 மடங்கு தேவைப்படும், விலையும் கூடுதல். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாஸ்பாரிக் அமிலம் விட்டால் பொட்டாசியம் பாஸ்பேட் அடியில் படியும், அது உரம். சோடாவோடு சல்பூரிக் சேர்த்தால் வருகிற சோடியம் சல்பேட் வயலுக்கு ஆகாது. நடுவில் நிற்கும் கிளிசரினில் மிச்ச மெத்தனாலையும் தண்ணீரையும் ஓட்டினால் 80 சதவீதத்துக்கு மேல் தேறும். அதற்கு மேல் நீங்களே காய்ச்சி வடிக்க முயல வேண்டாம். சாதாரண அழுத்தத்தில் அது கொதிக்க 290 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் சிதைந்து அக்ரோலின் என்ற நச்சுப்புகை கிளம்பும். அழுத்தத்தைக் குறைத்து, குறைந்த சூட்டிலேயே வடிக்கும் வெற்றிட வடிப்பு வசதியுள்ள ஆலைக்கு 80 சதவீதச் சரக்காகவே கொடுங்கள். சாம்பல், ஈரம், மெத்தனால் மூன்றுக்கும் லேப் ரிப்போர்ட் கையில் இருந்தால் பேரம் பேசலாம்.