ஸ்பொன்சர் கலியாணம் குழம்பினால்: பைல்களில் கண்டவை

கொக்குவில், மொழிபெயர்ப்பாளர்:
கனடாவில இருக்கிறவர் துணையைக் கூப்பிடப் போடுற ஸ்பொன்சர் பைல்களில கனக்க இடறுறது திகதிதான். எங்கட ஊரில எழுத்து (கலியாணப் பதிவு) ஒரு நாள், தாலி கட்டு இன்னொரு நாள். நடுவில ஆறு மாதமும் கிடக்கும். உறவு விபரம் கேக்கிற ஐஎம்எம் 5532 படிவத்தில மாப்பிள்ளை கோயில் திகதியைப் போடுவார், பொம்பிளை எழுத்துத் திகதியைப் போடுவா. சட்டத்துக்குக் கலியாண நாள் பதிவுச் சான்றிதழில இருக்கிற நாள். ரெண்டு பேரும் அதையே போடுங்கோ. தாலி கட்டினதைச் சடங்கு எண்டு வேற கடிதத்தில விளக்குங்கோ. எழுத்துப் படத்தில சாதாரண சேலையும் சாட்சியளும், மற்றதில கூறையும் மணவறையும். பாக்கிற அதிகாரிக்கு இது ஒரே கலியாணம் எண்டு நாங்கள்தான் சொல்லோணும்.

முந்தின கலியாணம், பிள்ளை எதையும் மறைக்காதேங்கோ. பொய்த் தகவல் எண்டு முடிவானால் 5 வருசத் தடை. பிஆர் (நிரந்தர வதிவிடம்) கிடைச்ச பிறகு பிடிபட்டாலும் அது பறிபோகலாம்.

நல்லூர், சட்ட உதவியாளர்:
"ரெண்டு வருசத்துக்குள்ள விட்டிட்டுப் போனா உன்னைத் திருப்பி அனுப்புவிப்பன்" எண்ட மிரட்டலை இண்டைக்கும் பிள்ளையள் தாய்க்குப் போன் எடுத்துச் சொல்லி அழுதுகள். 2 வருசம் சேர்ந்து வாழோணும் எண்ட அந்த நிபந்தனை 2012 ஒக்ரோபரில வந்தது, 2017 ஏப்ரலில எடுபட்டிட்டுது. பிஆர் கையில வந்தபிறகு பிரிஞ்சதுக்காக மட்டும் கனடா ஒருத்தரையும் நாடு கடத்தாது. கலியாணமே விசாவுக்காக எண்டு அரசாங்கம் காட்டோணும். அதுக்கு விசாரணை இருக்கு. புருசன் எழுதுற ஒரு கடிதத்தால அது முடியாது. தாய்மார் இதைப் பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ.

ஸ்பொன்சர் செய்தவர் பிஆர் நாளில இருந்து 3 வருசம் செலவுக்குப் பொறுப்பு, டிவோர்ஸ் எடுத்தாலும் விலகேலாது. வந்தவர் 5 வருசத்துக்கு வேற துணையைக் கூப்பிடேலாது.

பிஆர் வர முதல் பிரிஞ்சால்தான் உண்மையான ஆபத்து. ஸ்பொன்சர் செய்தவர் விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்தால் எல்லாம் நிண்டு போம். கனடாவுக்குள்ள இருந்தாலும் விசா முடிஞ்சால் வெளியேறச் சொல்லுவினம். அடி உதை நடந்திருந்தால், கட்டணமில்லாத தற்காலிக அனுமதி ஒண்டு இருக்கு. உடனே அங்க ஒரு லோயரிட்டப் போகோணும்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, இன்னொருவர்:
கனடாக் கதையை லண்டனுக்குப் பொருத்தாதேங்கோ. அங்க முதல் விசா 33 மாதம், நிரந்தர வதிவிடத்துக்கு 5 வருசம். இடையில பிரிஞ்சால் ஹோம் ஒபிசுக்கு (விசா குடுக்கிற உள்துறை அமைச்சு) அறிவிக்கோணும். மிச்ச விசாவை வழமையா 60 நாளாக் குறைச்சுவிடுவினம். வன்முறையால பிரிஞ்சவைக்கு 3 மாதச் சலுகை அனுமதியும், அதிலிருந்து நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கிற வழியும் உண்டு.

இங்க நடக்கிற இன்னொண்டு: நல்லூர்த் திருவிழாவுக்கெண்டு புருசன் லண்டனில இருந்து மனிசியைக் கூட்டிக்கொண்டு வந்து, பாஸ்போட்டைப் பறிச்சுக்கொண்டு தனிய பிளேன் ஏறுறது. 2024 ஜனவரி 31 இல இருந்து, அப்பிடிக் கைவிடப்பட்டவை லண்டன் நிரந்தர வதிவிடத்துக்கு இங்க இருந்தே விண்ணப்பிக்கலாம். அண்டைக்கே பொலிசில முறைப்பாடு போட்டுப் பிரதி எடுங்கோ, மெசேஜ்களை அழிக்காதேங்கோ. இப்ப விசா ஒன்லைன் கணக்கிலதான் இருக்கு. அந்தக் கணக்கின்ர ஈமெயிலும் போன் நம்பரும் உங்கடையா எண்டு ஊருக்கு வெளிக்கிட முதலே பாருங்கோ. கன பேருக்கு அது புருசன்ர நம்பர்.

ஜேர்மனி, சுவிஸ் போனவை பிரிஞ்ச பிறகும் அங்க நிக்கிறதுக்கு, அங்க சேர்ந்து வாழ்ந்த 3 வருசம்தான் கணக்கு. சுவிஸில மொழியும் வேலையும் சேர்த்துப் பாப்பினம். வன்முறைக்கு ரெண்டு நாட்டிலயும் விலக்கு இருக்கு.

நல்லூர், சட்ட உதவியாளர்:
யாழ்ப்பாணத்தில டிவோர்ஸ் போடுறவைக்கு ஒண்டு. "ரெண்டு பேருக்கும் சம்மதம்" எண்டது எங்கட 1907 விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில காரணமில்லை. சோரம் (கலியாணத்துக்குப் பிறகு வேறொருவரோட உறவு), வேணுமெண்டு கைவிட்டது, கலியாண நேரமே இருந்த தீராத ஆண்மைக்குறைவு, இந்த மூண்டுதான். மாவட்ட நீதிமன்றம் முதல் தாறது டிக்ரி நைசி, அதாவது இடைக்காலத் தீர்ப்பு. 3 மாதம் கழிச்சுத்தான் அது அப்சலூட், அதாவது இறுதித் தீர்ப்பு. நைசியை வச்சு அடுத்த எழுத்தை எழுதினால் அந்தக் கலியாணமே செல்லாது, அதில போட்ட ஸ்பொன்சரும் திரும்பி வரும்.